பன்னிரண்டு அங்குலத்துக்கு அப்பால்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, டெப்போவின் இருபத்தெட்டு பஸ்கள் எல்லோரும் சௌக்கியம். ஒன்று மட்டும் கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுக் கிடக்கிறது. அந்தத் தீவில் காற்றையும் மழையையும் அளந்துகொண்டிருக்கும் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இன்னும் மூன்று வருடம் அங்கேயே வேலை பார்க்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா அம்மா என்று கேட்டிருந்தாய். போன கப்பலில் நான் அனுப்பிய கடிதத்தில் என் முழங்கால் வலி இரண்டு பக்கத்துக்கு இருந்தது, உன் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. மறக்கவில்லையடி, எழுதக் கை வரவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் ஒரு பஞ்சாயத்து. நீ எழுதிய பொம்மைப் போர் விளையாட்டின் ரூல் புத்தகத்தால் வந்தது, நீதான் தீர்க்க வேண்டும்.

நீ விட்டுப்போன பொம்மைப் படையை இப்போது ஆடுவது நான்தான். சிரிக்காதே. நூலக மாடியில் ஞாயிறுதோறும் கூடும் உன் கூட்டத்தில் ஆள் குறைந்துவிட்டது. ‘நீங்க வரலேன்னா அவ படைய பெட்டியில போட்டு மூடிடுவோம்மா’ என்று பல் டாக்டர் போன் செய்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, போனேன். முதல் நாளே மானம் போயிற்று. ஒருவர் ஆடும் ஒரு முறைக்கு அவருடைய தளபதி மூன்று கட்டளைதான் கொடுக்கலாம் என்றார்கள். மூன்றையும் ஒரே குதிரைப்படைக்குக் கொடுத்து, பஸ்ஸை ட்ரிப் அடிக்க விடுவது போல மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டிவிட்டேன். ஒரு படை ஒரு முறையில் ஒரு தடவைதான் அசையலாமாம், அசைந்ததும் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் வைக்க வேண்டுமாம். பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய சொத்தைப் பல்லையே பார்த்துவிட்டேன்.

ஆனால் வாலு, மேசை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தேன். என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஆள், அவன் செருப்பு வாருக்கும் நீ வண்ணம் தீட்டியிருக்கிறாய். ஒவ்வொருவனுக்கும் வேறு வேறு முகம். கல்லூரியில் படிக்கும்போது நீ எழுதிய ஒன்பது பக்கத்தை நம்பி எட்டுப் பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தரையெல்லாம் பெயின்ட்டைக் கொட்டுகிறாளே, இவள் உருப்படுவாளா என்று கத்தியவள் நான். என் வயிற்றில் பிறந்தவளா இதையெல்லாம் யோசித்தாள் என்று பிரமித்துப்போனேன்.

இப்போது விஷயம். நாலாம் பக்கத்தில், தளபதியிடமிருந்து பன்னிரண்டு அங்குலத்துக்குள் நிற்கும் படைக்கு மட்டுமே கட்டளை கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். ஏழாம் பக்கத்தில், கட்டளை பெறாத படை முறையின் கடைசியில் பகடை உருட்டி, நாலோ அதற்கு மேலோ விழுந்தால் தானாக ஒரு தடவை அசையலாம் என்கிறாய். அப்படியானால் கட்டளையே எட்டாத தூரத்தில் நிற்கிற படையும் ‘கட்டளை பெறாத படை’தானா?

ஏன் கேட்கிறேன் என்றால், பல் டாக்டரின் காலாட்படை ஒன்று குன்றுக்குப் பின்னால், அதன் தளபதிக்கு இருபது அங்குலம் தள்ளி, என் கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது ஓரடி எடுத்துவைத்துக் கொடியைப் பிடித்தால் என் கதை முடிந்தது. நான் விடுவேனா? ‘கட்டளை எட்டலேன்னா நின்ன எடத்துலயே நிக்கணும். டெப்போவுல நான் சொல்லாம ஒரு வண்டி நகராது’ என்று குரலை உயர்த்தினேன். எழுதியவளின் அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் என் பக்கம் சாய்ந்தார்கள். பல் டாக்டர் மட்டும், ‘எழுதினவகிட்டயே கேட்டுடலாம்’ என்றார். மேசைக்குப் போர்வை போர்த்தி வைத்திருக்கிறது. உன் பதில் வரும்வரை யாரும் தொடக்கூடாது.

அதற்கப்புறம் புதன்கிழமை வந்தது. நல்ல மழை. மலைப்பாதை பஸ்ஸில் நம் மௌனசாமி டிரைவர். என்ன ஆனாலும் ரூட் மாறக்கூடாது என்று காலையில் நானே சொல்லி அனுப்பியிருந்தேன். மதியம் ஆற்றுப் பாலம் போய்விட்டது என்று செய்தி வந்தது. அவர் போனும் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கேட்டிலேயே நின்றேன், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு ஜன்னல்வரை சேறு அப்பிய அந்த வண்டி ஆடி ஆடி உள்ளே வந்தது. நாற்பத்தொரு பேரும் பத்திரம். தூரத்திலேயே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, வண்டியைத் திருப்பி, கல் குவாரிப் பாதையில் வந்திருக்கிறார். யாரைக் கேட்டுத் திருப்பினீர்கள் என்று கேட்டுவிட்டேன், பாழாய்ப்போன வாய். ‘கேக்கறதுக்கு நீங்க அங்க இல்லையேம்மா. நான்தானே இருந்தேன்’ என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். குன்றுக்குப் பின்னால் நிற்கிற அந்தக் குட்டி ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். இருபத்தாறு வருடம் வண்டி அனுப்பியும் எனக்குப் பிடிபடாதது, பத்தொன்பது வயதில் உனக்கு எப்படியடி தெரிந்தது?

அதனால் என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் படை பகடை உருட்டலாம் என்று தெளிவாக எழுதி அனுப்பு. நான் தோற்பேன், பரவாயில்லை, பல் டாக்டர் இன்னொரு முறை சிரித்துவிட்டுப் போகட்டும்.

உன் கையெழுத்து விஷயம். நீ வந்துவிட வேண்டும் என்றுதான் முழங்கால் வலியை இரண்டு பக்கம் எழுதினேன். அவ்வளவு வலியெல்லாம் இல்லை, படி ஏறித்தானே நூலக மாடிக்குப் போகிறேன். நாலு நாள் கப்பல் தூரத்தில் நிற்கிறாய். அங்கே இருப்பது நீதான், நான் இல்லை. நீயே பார்த்துச் செய். எதைச் செய்தாலும் நன்றாக இருப்பாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, அசைந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. காலண்டருக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் படையைத் தோற்கக் கொடுக்கப்போகும்
அம்மா