ஜினு நடக்காத அடிகள்

ஜனவரி 9, செவ்வாய்
காலை ஏழு மணி வகுப்பு. டேப்லெட்டில் அஸ்வதி டீச்சர் முகம் தெரிந்ததும் ஜினு எழுந்து நின்றாள். என் மகளுக்குப் பதினைந்து வயது, புத்தி நாலு வயதோடு நின்றுவிட்டது. நான் சொன்னால் ஒரு கையைக்கூடத் தூக்கமாட்டாள். டீச்சர் "ஜினு மோளே, கை மேலே" என்றால் இரண்டையும் தூக்குகிறாள். எடை குறையாவிட்டால் இருதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. இந்த அரைமணி நேரத்தை விட்டால் வேறு வழி இல்லை.

ஜனவரி 17, புதன்
இந்த வகுப்பை நடத்தும் சென்டரிலிருந்து போன். அடி எண்ண அவர்கள் கொடுத்த, கையில் கட்டும் பேண்டில் தினம் மூவாயிரம் அடியாவது காட்ட வேண்டுமாம். ஜினுவுக்கு அறுநூறு. வகுப்பு முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். இரண்டு வாரம் பார்ப்பார்களாம். அப்புறம் இடம் வேறு பிள்ளைக்கு.

ஜனவரி 19, வெள்ளி
பேண்டை நான் கட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு வேலைக்குப் போனேன். அரிசிக் கடைக்கும் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கும் நடந்தே சாகிறவன், என் காலாவது அவளுக்கு உதவட்டும். என் மனைவி லீலாபாய் கண்டுபிடித்துவிட்டாள்.
"நீங்க செய்யது களவாக்கும். கர்த்தர் காணமாட்டாரா?"
"யாருக்கு நட்டம்? சும்மா இரி."

பிப்ரவரி 3, சனி
நேற்று பன்னிரண்டாயிரம். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் டீச்சர் "ஜினு மிடுக்கி" என்று பாராட்டினார். அவள் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்
டீச்சரே போன் செய்தார். சந்தோஷச் செய்தியாம். பேண்டுக் கணக்குப்படி ஜினு தேறிவிட்டாள், இனி நேரடி வகுப்பு வேண்டாம், வீடியோ அனுப்புகிறோம், பார்த்துச் செய்தால் போதும். அவள் இடம் நெய்யாற்றின்கரையில் ஒரு பிள்ளைக்கு. "நன்றி டீச்சர்" என்றேன் — நன்றியா சொன்னேன்? நான் என்ன மனுஷன்?

பிப்ரவரி 22, வியாழன்
டீச்சருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கே ஒரு வாக்கு சொல்லியிருந்தா ஜினுவுக்கு அடிக்கணக்கை ஆயிரமா குறைச்சிருப்பேனே. வேற ரெண்டு பிள்ளைகளுக்கு அப்படித்தானே குறைச்சேன்" என்றார். கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லையே. அவள் இடம் கைமாறியாயிற்று; அடுத்த குழு ஜூனில், அதுவும் உறுதி இல்லை. லீலாபாய் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டினாலாவது தேவலை.

பிப்ரவரி 24, சனி
ஏழு மணிக்கு ஜினு ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றாள். வீடியோவை வைத்தேன். டீச்சர் கையைத் தூக்கினார், ஜினு தூக்கவில்லை. தன் பெயர் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நானே "ஜினு மோளே, கை மேலே" என்று சொல்லிப்பார்த்தேன். திரும்பவில்லை. வீடியோ முடிந்ததும் கேட்டாள், "அப்பா, டீச்சர் என்னை விளிக்கலியே?"

மார்ச் 12, செவ்வாய்
பேண்டைத் திருப்பி அனுப்பியாயிற்று. நேற்று டாக்டரிடம் போனோம், இரண்டு கிலோ கூடியிருக்கிறது.
இன்று ஏழு மணிக்கு ஜினு ஷூவைத் தேடவில்லை.