முடக்கில் நின்ற தேர்

செவ்வாய்க்கிழமை, இரவு

அம்மா மீது இன்னும் கோபம் தீரவில்லை.

பின்னேரம் புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கும் ஐந்தாம் வகுப்புத் தங்கச்சி கவியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தள்ளுவண்டிலில் கதிரையைக் கட்டித் தேர் இழுத்தார்கள். கதிரையில் இருத்திய பூசணிக்காய்தான் சுவாமி. வேலி வளையும் முடக்கில் தேர் திரும்பாமல் நின்றுவிட்டது.

"நீ பிழையாய் இழுக்கிறாய்!"

"நீதான் மாடு மாதிரி இழுக்கிறாய்!"

எனக்கு வழி தெரியும். ஆனாலும் அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். கவி கொஞ்சநேரம் வண்டில் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓட்டுத் துண்டொன்றை உள்பக்கச் சில்லு உருளாதபடி அண்டை கொடுத்து, "இப்ப வெளிப்பக்கத்தாலை மட்டும் இழுங்கோ" என்றாள். தேர் திரும்பியது. எல்லாரும் "அரோகரா!" என்று கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு அம்மா வந்தார். "தேரிழுத்தால் புலமைப்பரிசில் கிடைக்குமே? பெரியவள் நீயும் பாத்துக்கொண்டு நிக்கிறாய்!"

"அம்மா, அவள் கணக்குத்தான் செய்தவள்."

"கணக்குக் கொப்பியிலை செய்யிறது."

கொப்பியில் கவி புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். முடக்கில் பார்த்தெழுத ஒன்றும் இருக்கவில்லை.

"நாளையிலை இருந்து நீதான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கோணும்" என்றார் அம்மா.

"ஓம்" என்றேன். எங்கே வைத்து என்று அவர் கேட்கவில்லை. வேலி முடக்கில்தான்.