நம் ஊரிலும் ஒரு காட்சி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். கார் மட்டும் காலையில் எழுந்ததும் கொஞ்சம் இருமுகிறது. நீயும் அந்த சவுண்டுக்காரப் பெண்ணும் ஊர் ஊராக அலைகிறீர்களே, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, பஸ்ஸில் படம் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடாமல் வருகிறீர்களா? முதல் கேள்வி அம்மாவுடையது. இரண்டாவது என்னுடையது.

போனில் சொல்லாமல் இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ "சொல்லுங்கப்பா" என்றதும் சொல்ல வந்தது மறந்துபோய், அங்கே மழையா என்று கேட்டுவிடுகிறேன். செல்லில் தட்டலாம் என்றால் என் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. பத்தாவதோடு படிப்பை மூட்டை கட்டியவனுக்குப் பேனாதான் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீ அடுத்துத் தங்கப்போகும் தோழி வீட்டு விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். போய்ச் சேர்ந்ததும் படி.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் தியேட்டரிலும் உன் படத்தைப் போடலாமா? தியேட்டர்காரரிடம் பேசிவிட்டேன். போடலாமா என்று கேட்டுவிட்டு அடுத்த வரியிலேயே பேசிவிட்டேன் என்கிறானே இந்த ஆள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். ஆனால் இன்னும் எதற்கும் கையடிக்கவில்லை. என் மகள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை அந்தக் காட்சியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்.

அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். என்னிடம் கார் பழகி, பரீட்சை நாளன்று லைசென்ஸ் ஆபீஸ் கேட்டையே இடித்தவர். அந்தப் பழக்கத்தில்தான் போனேன். "மாஸ்டர், படத்துல சண்டை இருக்கா, பாட்டு இருக்கா, தெரிஞ்ச மூஞ்சி யாராச்சும் இருக்காங்களா" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "அப்ப என்னதான் இருக்கு" என்றார். நான் இருக்கிறேன் என்றேன். மனுஷன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று வாடகை. ஹாலுக்கு உண்டானதை முன்னாலேயே கட்டிவிட்டால் டிக்கெட்டில் வருவதெல்லாம் உன்னுடையது. ஆள் வராவிட்டால் அந்த நஷ்டமும் உன்னுடையதே. இன்னொன்று பங்கு. வாடகை கிடையாது, வசூலில் பாதிப்பாதி. ஆனால் காட்சிக்கு முந்தின வாரமே பாதி சீட்டுக்கு ஆள் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் காட்சி ரத்து, யாரும் யார்மேலும் வருத்தப்படக் கூடாது. நான் இரண்டாவதுக்குத் தலையாட்டி வைத்திருக்கிறேன். தப்பு என்றால் சொல், மறுபடி போய் வேறு மாதிரி ஆட்டிவிட்டு வருகிறேன்.

கிடைத்திருப்பது அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. சாயங்காலத்தைப் பெரிய படக்காரர்கள் விடமாட்டார்களாம். இடது பக்க ஸ்பீக்கர் கரகரக்கிறது, அதனால் சவுண்டுக்காரப் பெண் முந்தின நாளே வந்து ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது. தியேட்டர் மெஷினுக்கு ஏற்றபடி மாற்றின பிரதியாக இருக்க வேண்டுமாம், பென் டிரைவைக் கொண்டுவந்து செருகுகிற வேலையெல்லாம் கூடாது என்றார். நான் அதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆள் சேருமா என்று நீ கேட்பாய். இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். என்னைத் திட்டி ஒரு படம் வந்திருக்கிறது என்றால் குடும்பத்தோடு கிளம்பி வருவார்கள். மருந்துக்கடைக்காரரிடம் சும்மா வாயைக் கொடுத்துப் பார்த்தேன். "உங்கள வச்சுக் கிழிச்சிருக்காளா? அப்ப எனக்கு நாலு டிக்கெட் எடுத்து வைங்க, மச்சானுக்கும் சேத்து" என்றார். அவருடைய மச்சான் ஒருநாள் பாடம் பாதியில் இருக்கும்போதே வண்டியை விட்டு இறங்கிப் போனவர். எனக்கு இவ்வளவு ரசிகர்கள் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

சரி, உனக்கு இப்போது புரிந்திருக்கும். படத்தைப் பார்த்துவிட்டேன்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் இப்போது ஒரு நர்ஸம்மா பழகுகிறார். சிக்னலில் நிற்கும்போது செல்லை எடுக்கக் கூடாது என்று தினமும் சொல்கிறேன், தினமும் எடுக்கிறார். அன்றைக்கு இணையத்தில் உன் பக்கத்தை எடுத்துக் காட்டி, "மாஸ்டர், உங்க பொண்ணு படம் எந்தெந்த ஊர்னு போட்டிருக்கா. நமக்கு முன்னாடி ஊர் இருக்கு, அடுத்த ஊர் இருக்கு, நடுவுல நம்ம ஊரைக் காணோமே" என்றார். அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன். பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் இருந்த லாரிக்காரன்தான் எங்களை நாலு வார்த்தை சொல்லி நகர்த்தினான்.

அன்று ராத்திரி போனில் உன்னைக் கேட்டேன். தியேட்டர் கிடைக்கவில்லை என்றாய். மறுநாள் போய் விசாரித்தால், யாருமே கேட்கவில்லையே என்கிறார் தியேட்டர்காரர். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது. இடம் கிடைக்காமல் இல்லை, படத்தில் நான் பார்க்கக் கூடாதது, அல்லது என்னை நாலு பேர் பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது என்று. வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரும்பி வந்ததும் உன் அம்மா, "படம் எப்படி இருந்துச்சு? இன்சூரன்ஸ் போன மாசமே கட்டியாச்சே" என்றாள். இவளிடம் பொய் சொல்லி ஜெயிக்க இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

இனி படம். சில குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த டிரைவிங் ஸ்கூல் அப்பாவாக நடித்தவருக்கு என்னைவிட முடி அதிகம், வயிறு குறைவு. வண்டிக்குள் கடலை கொறிக்கிறார், நான் என் வண்டியில் தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறக்கவிடமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது. நின்றுகொண்டிருக்கிற வண்டியிலும் "மெதுவா, மெதுவா" என்கிறார். மகள் இறங்கியதும் ஸ்டியரிங்கைத் துணியால் துடைக்கிறார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

மகள் லைசென்ஸ் வாங்கிவிட்டு வண்டியைத் தனியாக எடுத்துப் போகட்டுமா என்று கேட்கிற இடம். டயரில் காற்று இல்லை என்கிறார். இன்னொரு நாள் பேட்டரி சரியில்லை. அதற்கப்புறம் மழை. ஒவ்வொரு சாக்குக்கும் ஹாலே சிரிக்கிறது. கடைசியில் ஒருநாள் அவள் வந்து வாசலில் நிற்கிறாள், வண்டியைப் பார்க்கிறாள், கேட்காமலே நடந்து போய்விடுகிறாள். எல்லோரும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நான்தான் அதற்கும் ஏதோ சாக்கு வரப்போகிறது என்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இதற்கு மேல் இந்தக் காட்சியைப் பற்றி எழுதப்போவதில்லை. நன்றாக எடுத்திருக்கிறாய்.

அம்மாவிடம் கதை முழுவதும் சொன்னேன். படத்தில் அம்மா முகத்தையே காட்டவில்லை, சமையலறையிலிருந்து குரல் மட்டும்தான் வருகிறது என்றதும் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். "சரியாத்தான் எடுத்திருக்கா, உங்களுக்கும் இத்தனை வருஷமா அப்படித்தானே கேக்குது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவளுக்கு முதல் வரிசையில் ஒரு சீட் வேண்டுமாம். பின்னால் உட்கார்ந்தால் நான் வளவளவென்று விளக்கம் சொல்வேனாம்.

படத்தை விலைக்குக் கேட்டு வந்த அந்தக் கம்பெனி விஷயமும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து, எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் படம் எங்களுடையது என்று எழுதி வாங்குகிறோம், கடைசியில் மட்டும் அப்பா சாவியை மகள் கையில் வைக்கிற மாதிரி ஒரு காட்சி எடுத்துச் சேர்த்துவிடு என்றார்கள். கையெழுத்துப் போடு, வலிய வருவதை விடாதே என்று நானும் கூடச் சேர்ந்து பாடினேன். நீ கேட்கவில்லை. முதலில் தியேட்டர், அப்புறம் கல்லூரிகளில் படம் பார்க்கிற சங்கங்கள், எல்லாம் முடிந்தபிறகு உன் சொந்தப் பக்கத்திலேயே இணையத்தில் காட்டுவது, யாருக்கும் மொத்தமாக எழுதிக் கொடுப்பதில்லை என்று பாதை போட்டுக்கொண்டு நீயே கிளம்பிவிட்டாய். இதெல்லாம் பிழைக்கிற வழியா என்று அம்மாவிடம் புலம்பினேன். இப்போது சொல்கிறேன், சாவியைக் கொடுக்கிற மாதிரி முடித்திருந்தால் அந்தப் பெரியவரும் நானும் பரவாயில்லை, கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்திருப்போம். அன்றைக்கு நான் முன்னாலேயே வெளியே வந்து வாசல் ஓரமாக நின்றிருந்தபோது அவர் மகளுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, ஆனால் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார், பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். அவர் இன்னும் பத்துப் பேரையாவது அனுப்பியிருப்பார். கம்பெனிக்காரர்கள் எந்தப் போஸ்டர் ஒட்டி இதைச் செய்வார்கள்?

அதனால் நான் கேட்பது, மகளுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்கிற பெருந்தன்மையால் மட்டும் அல்ல. போன ஊரில் முன்பதிவு போதவில்லை என்று உன் காட்சியை ரத்து செய்துவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும், நர்ஸம்மா சொன்னார். ஊர் ஊராகத் தெரியாதவர்களிடம் போய் ஆள் பிடிக்கிறாய். உனக்காகத் தயாராக ஆள் இருக்கிற ஒரே ஊரை எனக்காக விட்டுவிட்டாய்.

இன்னொன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

அன்றைக்குப் படம் முடிந்து நீ முன்னால் வந்து நின்றாய். விளக்கைப் பாதிதான் போட்டார்கள், நல்லவேளை. முதல் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "இந்த அப்பா உங்க சொந்த அப்பாவா" என்று கேட்டார். நீ மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாய். பிறகு சிரித்துக்கொண்டு, "இல்லைங்க, இது முழுக்கக் கற்பனை. எங்கப்பா ரொம்ப நல்லவர், அவர் இல்லன்னா நான் இங்க நின்னுருக்கவே மாட்டேன்" என்றாய். ஜனங்கள் கை தட்டினார்கள். பக்கத்திலிருந்த பெரியவரும் தட்டினார். நான் மட்டும் சும்மா இருந்தால் வித்தியாசமாகத் தெரியுமே என்று நானும் தட்டினேன். அவ்வளவு பேர் மத்தியில் என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. மற்ற விளக்குகளைப் போடுவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். உன்னைப் பார்க்காமல் வந்ததற்கு அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

படத்தை அவ்வளவு நேராக எடுத்துவிட்டு, எனக்காக நீ அந்த ஒரு இடத்தில் வளைந்து கொடுத்தாய். இனி ஒவ்வொரு ஊரிலும் யாராவது கேட்பார்கள், நீயும் அதையே சொல்லிக்கொண்டு போவாய். வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் நாசூக்கெல்லாம் பார்க்க மாட்டார்கள். உன் படத்தில் நாலு ஷாட் எப்படி எடுத்தாய் என்று கேட்பதற்கு முன் அந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். மருந்துக்கடைக்காரரே கேட்பார், அதற்காகவே வருகிறார். அப்போது நீ பதில் சொல்லாதே. மைக்கை என் பக்கம் அனுப்பிவிடு. அம்மா முன்னால் உட்காரட்டும், நான் நடுவில் எங்காவது, எழுந்தால் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறேன். என்ன சொல்லப்போகிறேன் என்று நாலு தடவை எழுதிப் பார்த்தேன், நாலும் கிழிந்தது. பரவாயில்லை, எழுந்து நின்றுவிட்டால் வந்துவிடும் என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் நின்றுகொண்டிருப்பேன்.

வர மனமில்லை என்றால் கட்டாயம் இல்லை, எதற்காக என்று நானும் கேட்கமாட்டேன், அம்மாவும் கேட்கமாட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை மட்டும் சொல். வருவதாக இருந்தால் படத்தில் ஒரு நொடிகூட வெட்டாமல் கொண்டு வா. உடம்பைப் பார்த்துக்கொள். போகிற ஊரிலெல்லாம் உனக்கு நாற்காலிகள் நிறையட்டும், நம் ஊரிலும் நிறைய நீ மனசு வைக்க வேண்டும் தாயே.

தியேட்டர்காரரைவிட ஆவலாக உன் பதிலை எதிர்பார்க்கும்,
உன் அப்பா