ஒரே அலைவரிசை

டூசான், அரிசோனா
மார்ச் 3, 1994

அன்புள்ள லீலண்ட்,

ஓடுதளம் ஓடுதளமாக அலைந்து நீ எடுத்த படங்கள் வந்தன. மஞ்சள் விமானம் அழகுதான். படத்தின் பின்பக்கம் அதன் பதிவெண், எந்திரம், பிறந்த ஆண்டு எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

மறுபடி கேட்கிறேன். மினசோட்டா வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன். மாதக் கடைசியில் கிளம்புகிறேன். நீ வருகிறாயா?

நீ சொன்ன அடுத்த ஊர்த் தபால் நிலையத்துக்கே இதை அனுப்புகிறேன். வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே.

மெரடித்

ட்ரை லேக் ஓடுதளம்
மார்ச் 9

அன்பு மெரடித்,

உன் கேள்வியோடுதான் கார் ஓட்டினேன். பாலைவனம் முழுக்க.

இங்கே ஓர் ஓடுதளம், ஒரு கொட்டகை. விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இறங்குகிறவர்கள் தாங்களே ரேடியோவில் சொல்லிக்கொண்டு இறங்க வேண்டும். "இரட்டைச் சிறகு விமானம், கடைசித் திருப்பம், இறங்குறேன்" என்றது கொட்டகை ரேடியோவில் ஒரு பெண் விமானியின் குரல். கேமராவோடு வேலிக்கு ஓடினேன். வானம் காலி. நின்றுகொண்டே இருந்தேன்.

கொட்டகையில் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்த டெல்பர்ட் கத்தினார்: "ஏம்ப்பா போட்டோக்காரா, யாருக்கு இந்த வரவேற்பு?"

"இறங்குறேன்னு சொன்னாங்களே!"

"சொன்னாங்க. எந்த ஊர்ல? மலைக்கு அந்தாண்ட இருக்கிற தளத்துக்கும் இதே அலைவரிசைதான். முதல்லயும் கடைசியிலயும் ஊர்ப்பேரு சொல்வாங்க. நடுவுல மட்டும் காது குடுத்தா, வேற வீட்டுக் கல்யாணத்துல மொய் வெச்ச கதைதான்."

நானும் சிரித்தேன். பிறகு வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மினசோட்டாவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேலேயே விமானம் இறக்குவார்களாமே. கொஞ்சம் பொறு.

லீலண்ட்

டூசான்
மார்ச் 14

லீலண்ட்,

போன கோடையில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏரி இருக்கிற ஊருக்குப் போயிடலாம்" என்றாய். அதை நம்பித்தான் ஏரிகள் நிறைந்த மினசோட்டாவில் வேலைக்கு விண்ணப்பித்தேன். நம்மைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நீ சொன்னது விமானங்களைப் பற்றிப் போலிருக்கிறது.

நானும் நடுவிலிருந்துதான் கேட்டிருக்கிறேன்.

வருவாயா, மாட்டாயா? ஒரு சொல் போதும்.

மெரடித்

மார்ச் 20

மெரடித்,

வருகிறேன்.

இந்த முறை எந்த ஊர் என்று சந்தேகம் வேண்டாம். நம் வீட்டுக்கு. அங்கிருந்து உன்னோடு வடக்கே. மேற்கில் இன்னும் சில தளங்கள் பாக்கி. இருக்கட்டும். சனிக்கிழமை வாசலில் இருப்பேன்.

உன்
லீலண்ட்

டூசான்
வெள்ளிக்கிழமை

லீலண்ட்,

இதைத் தபாலில் போடவில்லை. சமையலறை மேசையில் வைக்கிறேன்.

"வருகிறேன்" என்பதைத் தபால்பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். சந்தோஷம் வரும் என்று அங்கேயே நின்றேன். பக்கத்து வீட்டு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது. உள்ளே வந்து படுத்துவிட்டேன். அத்தனை நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்தது, நீ மாட்டேன் என்று சொல்வதற்காகத்தான் என்று படுத்தபின் தெரிந்தது.

கோபம் இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

இன்று காலையே கிளம்புகிறேன். பின்னால் வராதே. மேற்கில் பாக்கி இருப்பவற்றைப் பார்த்துவிடு.

நீண்ட தூரம் ஓட்டி வந்திருப்பாய். பீன்ஸ் சூப் குளிர்பெட்டியில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு. படுக்கைக்கு விரிப்பு மாற்றியிருக்கிறேன். தூங்கு.

மெரடித்