அக்கா, வகுப்பை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டேன்

என் பிரியமுள்ள சரோஜா அக்கா,

கோபப்படாமல் கேள். உன் வகுப்பை மூடவில்லை. நேரத்தைத்தான் மாற்றிவிட்டேன்.

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் கல்லூரி விடுமுறை இது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், டாக்டராக, தாதியாக, மருந்தாளராக வேண்டும் என்கிறவர்கள், வழக்கம்போல் என் பாத்திரக் கடை மாடிக்கு வந்தார்கள். உன்னிடம் படித்து டாக்டரான ஹேமாதான் இப்போது பாடம் நடத்துகிறாள். எனக்கு என்ன தெரியும்? இடமும் தேநீரும் என் பொறுப்பு.

கடல் பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து துளசி என்றொரு பெண் பெயர் கொடுத்திருந்தாள். மருத்துவப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்திருந்தது. ஆளைப் பார்த்துப் பேசவே பயப்படுகிறவள். பயிற்சி இல்லாமல் போனால் இடம் கைவிட்டுப் போய்விடும். வகுப்பு தொடங்க இருந்த சமயத்தில் அவளுடைய அப்பா கடைக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. லீவுல பிள்ள பாயான் லெப்பாஸ் கிலாங்குக்கு வேலைக்கு வருவான்னு சொல்லிட்டேன். சூப்பர்வைசர் நம்ம ஆளு. சொன்ன வார்த்தைய மாத்த முடியாதுலா."

"நீங்க எதையும் மாத்த வேணாம். காலை சிஃப்ட் முடிஞ்சு அஞ்சு மணிக்கு இங்க வர முடியுமா?"

"வரலாம். பொம்பளப் பிள்ள, பாலம் தாண்டி வீட்டுக்கு எப்படி வரும்?"

"நானே வேன்ல கொண்டாந்து விடுறேன். என் வீட்டுக்காரியும் கூட வருவா. போதுமா?"

வாடிக்கையாளர் வராத நேரத்தில் கடை திறந்து வைத்து என்ன பயன்? எனக்கு அது பழக்கமான கணக்கு. ஹேமாவிடம் சொன்னதும் சிரித்தாள். தாதியாக இருந்த உன்னை அவள் இன்னும் மிஸி என்றுதான் சொல்கிறாள்.

"அங்கிள், மிஸி இருந்திருந்தா உங்கள மாடிப்படியிலயே நிக்க வெச்சிருப்பாங்க. காலைல எட்டுன்னா எட்டு. பிந்தி வந்தா கதவு திறக்காது."

தெரியும். தேநீர் பிந்தியதற்கு என்னையே வெளியில் நிறுத்தியவள் நீ. ஆனால் மாலை வகுப்பு என்று சொன்னதும் என்ன நடந்தது தெரியுமா? முன்பு பெயர் கொடுத்துவிட்டு வராமல் போன பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அக்கறை இல்லாதவர்கள் என்று நாம் இருவரும் திட்டினோமே, அவர்களேதான். பகலில் எல்லாரும் எங்கேயோ வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை அக்கா. அப்படி எத்தனை பேரை இழந்திருப்போம்?

துளசி தொழிற்சாலையிலிருந்து நேராக, கிலாங் சட்டையோடுதான் வருவாள். ஒரு நாள் நேர்முகப் பயிற்சி. ஏன் டாக்டராக வேண்டும் என்று ஹேமா கேட்டதற்கு, எல்லாரும் "மக்களுக்குச் சேவை" என்றே சொன்னார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"வரிசையா எல்லாக் கடையிலயும் ஒரே சரக்கு. எவன்லா வாங்குவான்?"

சிரிப்பு அடங்கியதும் துளசி மெதுவாகச் சொன்னாள்:

"எங்க கிலாங் லைன்ல வேலை செய்ற ஒரு அக்காவுக்கு கை மரத்துப் போகுது. மாத்திரையப் போட்டுட்டு மறுபடியும் வந்து உக்காந்துடுவாங்க. ஏன் மரத்துப் போகுதுன்னு யாரும் கேக்கல. எனக்கும் கேக்கத் தெரியல. அதைக் கேக்கத் தெரிஞ்சுக்கணும், அங்கிள்."

ஹேமா என்னைப் பார்த்தாள். சேவை என்று சொன்ன ஒரு பையன் தலையைச் சொறிந்தான்.

போன வாரம் நேர்முகத் தேர்வு. வெளியே வந்ததும் கடைக்குத்தான் போன் செய்தாள். "அதே கதைய சொன்னேன் அங்கிள். கேள்வி கேட்ட மூணு பேரும் எழுதுறத நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க." முடிவு இன்னும் வரவில்லை. இடம் கிடைக்கும் என்று என் மனம் சொல்கிறது. சரக்கைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

நேற்று அவளுடைய அப்பா மறுபடியும் வந்தார். "அண்ணே, அடுத்த லீவும் சாயங்காலம்தானே? இவ தங்கச்சியும் வரணுமாம்."

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் அதையே சொல்கிறேன் அக்கா. நான் இருக்கும்வரை ஒவ்வொரு விடுமுறையிலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒழிந்த நேரம் எதுவோ, அதுதான் நம் வகுப்பு நேரம்.

உன்னோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும்,
உன் தம்பி குமரேசன்