முதல் மிடறு

வெள்ளவத்தை
2024 ஓகஸ்ட் 4

அன்புள்ள பிறிஜெற் அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதற்கு: இல்லை, அன்ரிக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் நான் இந்த வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். குரலில் அனுப்பாமல் மின்னஞ்சல் எழுதுவதும் அதனால்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மலர் அன்ரி. அவருடைய காது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் போத்தலில் இருப்பது விற்றமின் இல்லை.

நீங்கள் சைப்பிரசுக்குப் போகும்போது இந்த வேலையையும் அன்ரியையும் என்னிடம் ஒப்படைத்தீர்கள். லேபல் உரித்த சின்னப் போத்தலைக் காட்டி, "விற்றமின் சொட்டு. காலைத் தேத்தண்ணிக்குள்ள விடு. சொல்லிப்போடாத, அடம்பிடிப்பா" என்றீர்கள். நான் விட்டேன். பராமரிப்பாளர் கோர்ஸில் முதல் நாள் சொல்லித் தந்தது, லேபல் இல்லாத போத்தலைத் தொடாதே என்று. நீங்கள் சொன்னதால் தொட்டேன்.

மற்ற மாதங்களில் அன்ரியின் தம்பி சாந்தகுமார் சேர் புதுப் போத்தலைத் தானே கொண்டுவருவார். இந்த மாதம் மகளின் கலியாண வேலை. என்னைப் பாமன்கடை பார்மசிக்குப் போகச் சொன்னார். மருந்துச் சீட்டை கடைக்கார ஹாஷிம் நானாவின் போனுக்கு அனுப்பியிருந்தார்.

"விற்றமின் சொட்டு ஒண்ணு" என்றேன்.

"விற்றமினா? ஆரு சென்ன? இது மனநோய் மருந்து, தங்கச்சி. சீட்டு இல்லாட்டி நான் தாரதே இல்ல."

கடை நிறைய ஆட்கள். நான் யூனிஃபோமில் நின்றேன்.

அன்ரி கோப்பையைத் தொடுவதற்கு முன்னர் என்னைப் பார்த்துச் சொல்வார்: "முதல் மிடறு நீ குடி, பிள்ளை." யாரோ நஞ்சு கலக்கிறார்கள் என்ற பயம். நான் குடித்துக் காட்டுவேன். பத்து மணிக்கு எனக்குக் கண் சொருகும். கொழும்பு வெக்கை என்று நினைத்தேன். எங்கள் அட்டனில் இப்படி இல்லை என்று அம்மாவிடம் போனில் சொல்லியும் இருக்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அன்ரி சொல்வது இதுதான்: "நான் இப்ப மருந்து ஒண்டும் எடுக்கிறேல்லை. என்ர மனத்தைரியத்திலைதான் நிக்கிறன்." சொல்லும்போது முதுகு நிமிரும். நான் பக்கத்தில் தட்டோடு நின்று தலையாட்டுவேன்.

கோபம் வருகிறது. யாரில் என்று பிரிக்கத் தெரியவில்லை. இப்போதைக்கு உங்களில்.

அங்கே வெயில் கடுமை என்றீர்கள். தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் தங்கச்சி
ரதி


நிக்கோசியா
2024 ஓகஸ்ட் 9

என் அன்பு ரதிக்கு,

கொச்சிக்கடை அந்தோனியார் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். உன் கோபத்தையும் சேர்த்து.

விற்றமின் என்றது பொய். ஓம். உனக்கு உண்மை தெரிந்தால் கை நடுங்கும். அவ அந்த நடுக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவா. அதனால்தான் சொல்லவில்லை.

நீ பார்க்கிறது சொட்டுப் போட்ட மலர் அன்ரி. நான் வேலைக்கு வந்த வருஷம் இருந்த அன்ரியை நீ காணவில்லை. மருந்துக் குளிசையை எங்கள் முகத்தில் துப்புவா. நாலு பேர் கைகாலைப் பிடிக்க ஊசி போட்டார்கள். அந்த நாலு பேரில் நான் ஒருத்தி. என் தோளில் அவவின் பல் பதிந்த அடையாளம் இன்னும் இருக்கு. பிறகு ஒருநாள் கடற்கரை ரயில் லைனில் போய் நின்றா. நான் கொண்டையில் பிடித்து இழுத்தனான். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருத்தன் வீடியோ எடுத்தான்.

அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி.

பிடித்து ஊசி போடுவதா, சொல்லாமல் கலக்குவதா? நீ என்றால் என்ன செய்திருப்பாய்? நான் கலக்கினேன். அவ நித்திரை கொண்டா. மீன் வாங்கப் போய் விலை பேசினா. என்னைப் பகிடி பண்ணினா. அது எல்லாம் பொய் என்று சொல்லுவியா?

முதல் மிடறு நானும்தான் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நித்திரையாகி, கொட்டாஞ்சேனையைத் தாண்டி மட்டக்குளி வரைக்கும் போயிருக்கிறேன். "அக்கே, பஹின்ன" என்று கொண்டக்டர் தட்டி இறக்கிவிட்டான். யாருக்கும் முறைப்பாடு சொல்லவில்லை.

தட்டோடு நின்று தலையாட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வேலையில் பாதி அதுதான், பிள்ளை. மற்றப் பாதி துடைக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
பிறிஜெற்


வெள்ளவத்தை
2024 ஓகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் பிந்திவிட்டது. உங்கள் தோளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இழுக்காவிட்டால் இன்று அன்ரி இல்லை. அதை மறுக்கவில்லை. அதனால் நானும் தொடர்ந்து கலக்கினேன். தெரிந்துகொண்டு. நடுங்காத கையோடு. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று பௌர்ணமிப் போயா லீவு. சேர் கலியாணக் கார்டோடு வந்தார். மண்டபம் இங்கேதான், வெள்ளவத்தையில். மாப்பிள்ளை வீட்டார் லண்டன். அன்ரி கார்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு அலுமாரியைத் திறந்தார். கட்டில் நிறையச் சீலை.

"மாமிக்காரி நான். முன்வரிசையிலை இருக்க வேணும். பச்சையோ, அரக்கோ? சொல்லன், பிள்ளை!"

சேர் சிரித்தார். நான் படி வரைக்கும் வழியனுப்பப் போனேன். அங்கே நின்று சொன்னார்:

"ரதி, கலியாணத்துக்கு முதல் நாளும் அண்டைக்கும் மருந்தை இரட்டிப்பாய்க் குடும். நல்லா நித்திரை கொள்ளட்டும். எழும்பினால், எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்லும்."

"டொக்டர்கிட்ட கேட்டீங்களா சேர்?"

"டொக்டர் என்னத்துக்கு? மாப்பிள்ளை பகுதிக்கு உதெல்லாம் தெரியத் தேவையில்லை. நான் என்ன, அக்காவைக் கொல்லச் சொன்னனானே?"

நீங்கள் கலக்கியது அன்ரி சாகாமல் இருக்க. இது அன்ரி மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல் இருக்க. போத்தல் ஒன்றுதான். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

இரட்டிப்பாய்க் கொடுத்தால் விழுவார். கழுத்து இழுத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரியாததா? சேர் உங்கள் பேச்சைக் கேட்பார். அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரதி


நிக்கோசியா
2024 ஓகஸ்ட் 22

அன்பு ரதிக்கு,

நான் சேருக்கு எழுத மாட்டேன். இந்த வேலைக்கு எனக்கு நற்சான்றிதழ் தந்தவர் அவர். விசா புதுப்பிக்க இன்னொன்று அவரிடம்தான் கேட்க வேண்டும். எனக்குப் பின்னால் ஒரு வீடே இருக்கு, உனக்குத் தெரியும்.

ஒரு வழி சொல்கிறேன். கூடக் கொடுக்காதே. கொடுத்தேன் என்று சேரிடம் சொல்லு. அன்ரியிடம் கலியாணத் தேதி மாறிவிட்டது என்று சொல்லு. அன்றைக்குக் கதவைப் பூட்டித் திறப்பை உன் கைப்பைக்குள் போட்டு வைத்துக்கொள். ஒருத்தருக்கும் நோகாது.

கோபிக்காதே. கோபம் எங்களுக்குக் கட்டாது.

உன் அக்கா
பிறிஜெற்


வெள்ளவத்தை
2024 ஓகஸ்ட் 30

பிறிஜெற் அக்காவுக்கு,

சேருக்கு ஒரு பொய். அன்ரிக்கு ஒரு பொய். பிறகு ஒரு பூட்டு. இதை எழுதுவதற்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது?

செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணி போட்டேன். சொட்டை விடவில்லை. கோப்பையையும் போத்தலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"முதல் மிடறு நீ குடி, பிள்ளை."

"அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும், அன்ரி."

எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், சீட்டு, கலியாணம், இரட்டிப்பு. கடைசியில் அன்ரி ஒன்று மட்டும் கேட்டார்.

"பிறிஜெற்றுமோ?"

"ஆமா, அன்ரி."

கோப்பை என் காதுக்குப் பக்கத்தில் சுவரில் உடைந்தது.

"கள்ளியள். ரெண்டு பேரும் கள்ளியள். நான் என்ர தைரியம் எண்டெல்லோ எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். எத்தினை பேர் உள்ளுக்குள்ளை சிரிச்சிருப்பாங்கள்!"

"நான் சிரிக்கல."

"நீ தலையாட்டினனி."

அன்றிலிருந்து என் கையால் ஒன்றும் சாப்பிடவில்லை. சீல் உடைக்காத பிஸ்கட். தானே கொதிக்கவைத்த தண்ணீர். நேற்றைக்கு அவர் பேச்சு வேகமாகிவிட்டது. ஹோலுக்குள் நடந்துகொண்டே இருந்தார். உங்கள் ரயில் லைன் என் கண்ணுக்குள் வந்தது. வாசல் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அவர் அடித்தால் பிடிப்பேனா, விடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரம் உங்களைக் கோபமில்லாமல் நினைத்தேன். கொஞ்ச நேரம்தான்.

அன்ரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதைச் சேருக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன்.

"உம்மை ஆர் டொக்டராக்கினது? ஞாயிற்றுக்கிழமை வேற ஆள் வரும். சாமானைக் கட்டும்."

வரப்போகிறவளுக்கும் ஒரு போத்தல் காட்டுவார். விற்றமின் என்பார்.

இன்று காலை அன்ரி குளித்து, பச்சைச் சீலை உடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தார்.

"அந்த டொக்டர் எங்கை இருக்கிறான்?"

"கிருலப்பனையில. பின்னேரம்தான் கிளினிக்."

"மூண்டு வருஷமாய் என்ர முகத்தைக் காணாமல் மருந்து எழுதினவனை நான் காண வேணும். என்ர தம்பியிட்டைக் கேட்டதை என்னட்டைக் கேக்கட்டும். மருந்து வேணுமெண்டால் எனக்குச் சொல்லட்டும். குடிக்கிறதெண்டால் என்ர கையாலை எடுத்துக் குடிப்பன்."

"குடிப்பீங்களா, அன்ரி?"

"அதை நான் உனக்கேன் சொல்ல வேணும்?"

கலியாணத்துக்கு அவர் போவாரா, தெரியாது. மண்டப வாசலில் சேர் ஆள் நிறுத்துவார் போலத்தான் இருக்கிறது. அன்ரி குடிப்பாரா, துப்புவாரா, அதுவும் தெரியாது. துப்பினால் அந்தப் பழி என்னுடையது. நீங்கள் அதை எழுத வேண்டிய அவசியமில்லை. நானே எழுதிவிட்டேன்.

உங்களுக்கு எழுதப்போகிறேன், ஏதாவது சொல்லவா என்று கேட்டேன். சீலைக் கரையைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னார்:

"அவளிட்டைக் கேள், ஒருநாளாவது எனக்கு வெறும் தேத்தண்ணி தந்தவளோ எண்டு."

கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அவருக்கு எழுதுங்கள், காகிதத்தில். முகவரி உங்களுக்குத் தெரியும்.

ஓட்டோ கீழே வந்து ஹோர்ன் அடிக்கிறது. அன்ரி முன்னுக்கு இறங்கிவிட்டார். போத்தலைக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். கதவைப் பூட்டித் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, நானும் கிளினிக்குக்குப் போகிறேன்.

ரதி