காரணம் இருந்தால் எழுதுங்கள்

9 நவம்பர் 1999, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்த சேலை எதுவும் காயவில்லை. ஶ்ரீவி. வீட்டிலிருந்து ரா.பா. கல்லூரி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி, வலது தோள் முழுக்க ஈரம். கண்டக்டரிடம் சொன்னால் அவர் டிரைவரிடம் சொல்லச் சொல்கிறார்.

வாங்க: சார்ட் பேப்பர் பெரியது. நீலப் பென்சில். அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

மாத முடிவுக்குள் படம் வேண்டும் என்று கைடு கடிதம். படம் என்றால் கம்ப்யூட்டரும் சட்டமும் பற்றி உலகத்தில் யார் யார் எழுதினார்கள், யார் யாரை மேற்கோளாகச் சுட்டினார்கள், எந்தக் காலத்தில் எந்தப் பேச்சு ஓடியது என்பதன் படம். அதுதான் என் ஆய்வு. ஸ்டாஃப் ரூமில் எகனாமிக்ஸ் ராஜாத்தி இன்றும் கேட்டாள், “ஒனக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது, சட்டமும் தெரியாது, நீ எப்படிடி பி.எச்டி.?” நான் லைப்ரரியன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பெயர்கள் எனக்குப் போதும்.

எழுதியவர் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. ஒருவர் இன்னொருவரைச் சுட்டினால் சிவப்புக் கோடு. மற்றவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே சுட்டினால் நீலக் கோடு. கோலம் போடத் தெரிந்தவளுக்கு இது பெரிய வேலை இல்லை.

ஜெராக்ஸ் கட்டுகளில் பாதி சா. கொடுத்தவை. சாமுவேல், ஶ்ரீவி. கோர்ட் வக்கீல். மெட்ராஸ் போகும்போதெல்லாம் எனக்காக எடுத்து வருவார். சனிக்கிழமை தவறாமல் எங்கள் கல்லூரி லைப்ரரிக்கு வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எனக்குச் சட்டம் விளக்குவார். ஜூனில் பெங்களூர் போய்விட்டார், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்த. ஒரு வருஷத்துக்குத்தான் என்றார்.

அந்த நாற்காலியை பியூன் இன்று ஆபீசுக்குத் தூக்கப் பார்த்தார். திட்டிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

11, வியாழன்

மழை விட்டது. புழுக்கம்.

எண்பதுகளின் கட்டுரைகளை முடித்தேன். அப்போது எல்லாருக்கும் ஒரே தலைவலி: கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றைப் பிரதி எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டா? எடுத்த பின்னும் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறதே. பக்கம் பக்கமாகச் சண்டை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. எடுத்தவர் பெங்களூரில், பொருள் இங்கே, இருந்தும் இல்லாமல்.

சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதே செல்வம் அண்ணாச்சி ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டார்: “மேடம், வக்கீல் சார்ட்ட இருந்து மெயில் வந்திருக்கு.” பூக்கடை, டீக்கடை எல்லாம் திரும்பிப் பார்த்தது.

எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர். இப்போது ரெண்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர். ரா.பா.வில் பாதிப் பேருக்கு மெயில் முகவரி போட்டுக் கொடுத்தது அவர்தான். பாஸ்வேர்டும் அவரே வைப்பார், அவரே ஞாபகம் வைத்துக்கொள்வார். காலையில் கடை திறந்ததும் எல்லாருடைய பெட்டியையும் ஒரு பார்வை.

சா. எழுதியது: பார்லிமெண்டில் கம்ப்யூட்டர் சட்ட மசோதா வரப்போகிறது, கையெழுத்து பற்றிய பகுதியைக் கவனியுங்கள். ரெண்டு கட்டுரை தபாலில் அனுப்பியிருக்கிறேன். கடைசி வரி: அங்கே மழை என்று பேப்பரில் பார்த்தேன், குடை எடுத்துப் போங்கள்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

“கொடை விசயத்த நான் காலைலயே பாத்துட்டேன் மேடம்” என்கிறார் அண்ணாச்சி.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு, இதற்கென்றே வெளிநாட்டில் சட்டமெல்லாம் இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் வருஷக்கணக்கில் உயிரை விடுகிறேன் என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. “நீங்க தெனமும் வாரீகளா? அவசரம்னா ஒங்களுக்கு யாரு சொல்லுவா? தந்தி வந்தா போஸ்ட்மேன் படிச்சுச் சொல்லல?”

நான் படித்த கட்டுரைகளில் இந்தக் கேள்வி இல்லை.

13, சனி

அம்மா இட்லித் தட்டை வைத்துக்கொண்டே, “ஏட்டி பத்மா, வக்கீலு கொடை எடுத்துட்டுப் போகச் சொல்லிருக்காராமே. அந்த மனுசனுக்கு வேற சோலி இல்லையா?”

செல்வம் அண்ணாச்சியின் தங்கச்சி எங்கள் தெருவில் வாக்கப்பட்டிருக்கிறாள். வீட்டில் போன் வேறு. ஆக, ரா.பா.வில் திறக்கும் மெயில் நான் பஸ் ஏறுவதற்கு முன்பே ஶ்ரீவி. வந்துவிடுகிறது. நெட்வொர்க்.

“அவிய கோயிலு வேற, நம்ம கோயிலு வேற. ஒனக்கும் வயசு முப்பத்தாறாச்சு. ஊரு ரெண்டு பேரையும் சேத்தே பேசுது, எனக்குத்தான் கேக்கச் சகிக்கல.”

நாங்கள் என்ன பேசினோம் அம்மா, ஒன்றுமே பேசவில்லையே என்றேன்.

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்றாள். என்ன அர்த்தமோ.

சனிக்கிழமை லைப்ரரி. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கொஞ்சம் பேர். நாற்காலி சும்மா கிடந்தது. சா. உட்கார்ந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார், அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு அது ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

16, செவ்வாய்

மதுரை. கைடைப் பார்க்க. சார்ட்டைச் சுருட்டி பாலிதீன் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், “கலியாணப் பத்திரிகையா?” இவ்வளவு பெரிய பத்திரிகையா.

சார் மேஜையில் விரித்துப் பார்த்தார். திருட்டுக் கூட்டம் எண்பதுகளில் ஒரு மூலை. அப்புறம் தனிமனித ரகசியம் பற்றியவர்கள். இப்போது கையெழுத்தும், எந்த ஊர்க் கோர்ட் விசாரிப்பது என்பதும். பரவாயில்லை என்றார். பிறகு நடுவில் விரலை வைத்தார்.

“இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல நீலம் இவ்வளவு தடிமனா இருக்கே. சிவப்பே காணோம்?”

“ஒருத்தரை ஒருத்தர் சுட்டலை சார்.”

“இத்தனை வருஷத்துலயா? எல்லாரும் இவங்களை ஜோடியாத்தான் சொல்றாங்க. செக் பண்ணீங்களா?”

செக் பண்ணினேன். ஒன்று விடாமல். அவரைப் பற்றி இவரும், இவரைப் பற்றி அவரும் ஒரு வரி எழுதியதில்லை. சார் சிரித்தார். “அப்ப இதுதாம்மா உங்க ஃபைண்டிங். ஊரே சேர்த்துப் பேசுது, இவங்க மட்டும் வாயைத் திறக்கலை. ஏன்னு ஒரு பாரா எழுதுங்க.”

திரும்பி வரும்போது திருமங்கலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுகையும் வந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார், சாரல் என்று நினைத்து.

ஏன் என்று ஒரு பாராவா. எனக்குத் தெரிந்திருந்தால் எழுதமாட்டேனா.

19, வெள்ளி

இன்று பஸ்ஸிலிருந்து நான் இறங்கும் இடத்துக்கே அண்ணாச்சி வந்துவிட்டார். “மேடம், வக்கீல் சாருக்கு வேல பெர்மனண்ட் ஆயிட்டு. அங்கனயே இருக்கப் போறாராம்.”

அங்கேயே நின்றேன். பின்னால் வந்தவர் இடித்துவிட்டு, வழியை விடும்மா என்றார்.

மெயிலை நானே படித்தேன். குவார்ட்டர்ஸ் கொடுக்கிறார்களாம். ஶ்ரீவி. வாடகை வீட்டை ஒப்படைக்க 28, ஞாயிறு வருகிறாராம். அதன் கீழே:

‘வீட்டை விட்டுவிட்டால் ஊருக்கு வர எனக்குக் காரணம் ஒன்றும் இருக்காது. காரணம் இருந்தால் எழுதுங்கள்.’

அண்ணாச்சி பின்னால் நின்றார். “என்ன காரணம் மேடம் கேக்காரு?”

கட்டுரை விஷயம் என்றேன். அவர் நம்பவில்லை, நம்பியதுபோலத் தலையாட்டினார். நல்ல மனுஷர்தான்.

சா.வுக்குத் தெரியும், இந்தப் பெட்டியை யார் திறப்பார்கள் என்று. அவருக்கும் முகவரி போட்டுக் கொடுத்தது இதே அண்ணாச்சிதானே. தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். வக்கீல் புத்தி. வாதத்தை முன்வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார், நான் எழுந்து பேச வேண்டும்.

22, திங்கள்

மழை. ரா.பா. முழுக்க டெலிபோன் லைன் போய்விட்டது. நல்லதாகப் போச்சு என்று ஒரு நேரம், ஐயோ என்று ஒரு நேரம்.

ஜுரம் மாதிரி. மாத்திரை போட்டேன். கேட்லாக் கார்டு தப்புத் தப்பாக அடுக்கி, ராஜாத்தி வந்து கிண்டல்.

அவர் வீட்டுத் தெரு வழியாகச் சுற்றிப் போனேன். பூட்டு. வாசலில் யாரோ ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். 28க்குப் பிறகு இந்தத் தெருவில் எனக்கு என்ன சோலி?

வரவேண்டும் அவர். சனிக்கிழமை தோறும் வரவேண்டும். இங்கே எழுதுவதற்கு என்ன வெட்கம், எழுதிவிட்டேன்.

24, புதன்

லைன் வந்துவிட்டது என்று பியூன் சொன்னார். அரை நாள் லீவு போட்டேன்.

மோடம் கத்தி முடிக்கும்வரை அண்ணாச்சி வாங்கிக்கொடுத்த டீ. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினேன், ஒற்றை விரலால். அடித்து முடிக்கிற நேரம் பார்த்து அண்ணாச்சி வாசல் பக்கம் நகர்ந்தார். என்றுமில்லாத மரியாதை.

“எங்க போறீக? வாங்க, படிங்க. சத்தமா.”

“மேடம், இத நான் படிக்கலாமா?”

“இத்தன நாளு கேட்டீகளா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘காரணம் இருக்கிறது. வீட்டை ஒப்படைக்க வேண்டாம். நீங்கள் வராத சனிக்கிழமை எனக்குப் போகவே மாட்டேன் என்கிறது. நான்தான் காரணம். பத்மா.’ கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆள் தாளை மறந்து நின்றார்.

“செண்டு பட்டன நீங்களே அமுக்குங்க மேடம்.”

அமுக்கினேன். போய்விட்டது.

“பாஸ்வேர்ட மாத்திக்கிடுங்க. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

“இப்ப வேண்டாம் அண்ணாச்சி. பதில் வந்தா எனக்கு யாரு சொல்லுவா?”

26, வெள்ளி

வெயில். சேலைகள் காய்ந்தன.

புதன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றும் தட்டை நங்கென்று வைத்தாள். இன்று காலையில் தேங்காய் துருவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

“ஞாயித்துக்கெழம காலைல அவிய சர்ச்சுக்குப் போவாகள்லா?”

“போவாக.”

“அப்பம் மத்தியானத்துக்குச் சோறு வச்சாப் போதும். கோழி திம்பாகளா, கேட்டுச் சொல்லு.”

தேங்காய் மூடியை வாங்கி நான் துருவினேன். கண்ணெல்லாம் நீர்.

வாங்க: பச்சரிசி, சீரகம், சிவப்புப் பென்சில்.

கல்லூரிக்குப் போகும்போது பூக்கடை, டீக்கடை, கண்டக்டர் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். சாயங்காலம் திரும்பும்போதும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. வந்திருந்தால் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள்.